பல்லுக்குள் கணினி – 9: சூளையில் சுருங்கும் பிரிட்ஜ்

1985 செப்டம்பர் 19, சூரிச் பல்கலைக்கழகம். பல் மருத்துவர் வெர்னர் மோர்மன், பொறியாளர் மார்கோ பிராண்டெஸ்டினி. பல்லைப் படம் பிடித்து, கணினியின் துணையோடு பீங்கானைக் கடைந்து, அப்போதே ஒட்டிய முதல் அடைப்பு. அங்கே தொடங்கிய கதை இப்போது பிரிட்ஜுக்கு வந்திருக்கிறது.

விழுந்த பல்லுக்குப் பதிலாகப் பக்கத்துப் பற்களின்மேல் பொருத்தும் பிரிட்ஜ் எத்தனை வருஷம் தாங்கும் என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்காகப் படிக்க உட்கார்ந்தால் வேறொன்று பிடித்து இழுத்துவிட்டது: கடையும் கருவி அந்த பிரிட்ஜை வேண்டுமென்றே 20 முதல் 25 சதவீதம் பெரிதாகக் கடைகிறது!

இரண்டு கடைவாய்ப் பற்களைத் தூணாக்கி நடுவில் இல்லாத பல்லைத் தொங்கவிட்டால், மெல்லும் பளுவைச் சாதாரணப் பீங்கான் தாங்காது. ஜிர்கோனியா என்ற வலுவான பீங்கான் தாங்கும். ஆனால் முழுதாகச் சுட்டு இறுகிய ஜிர்கோனியாவைக் கடைவதற்குள் வைர முனை தேய்ந்துவிடும். 1990களில் சூரிச்சின் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தில் லுட்விக் கௌக்லர் குழுவினர் வேலையின் வரிசையை மாற்றினார்கள். அரைகுறையாக வெந்து, நுண்துளைகளோடு மிருதுவாக இருக்கும்போதே கடைவது. பிறகு 1,500 டிகிரி செல்சியஸ் வாக்கில் சுடுவது. துளைகள் மூடிக்கொள்ள, பிரிட்ஜ் சுருங்கி வாய்க்குரிய அளவுக்கு வந்துவிடும்.

நம்மூரில் செங்கல் அறுப்பவரும் அச்சைப் பெரிதாகத்தான் வைக்கிறார். செங்கல் கொஞ்சம் பிசகினால் சாந்து சரிக்கட்டும். பல்லின் விளிம்பில் தலைமுடி நுழையும் இடைவெளி விட்டால் கிருமி குடியேறிவிடும். போதாக்குறைக்கு, கடைய எடுக்கும் ஜிர்கோனியா கட்டிக்குக் கட்டி அடர்த்தி மாறுகிறது, சுருக்கமும் மாறுகிறது. அதனால் ஒவ்வொரு கட்டியிலும் ஒரு பார்கோடு. இந்தக் கட்டிக்கு எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்பது அதில் இருக்கும். எல்லாத் திசையிலும் ஒரே விகிதத்தில் பெருக்க மனிதக் கையால் ஆகாது. கணினி இங்கே சம்பளத்துக்கு உழைக்கிறது என்பேன்.

இந்த முறை 2001-ல் ‘செர்கான்’ என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. அதன் தொடக்கக் கருவியில் ஒரு வேடிக்கை. லேப் டெக்னீஷியன் பிரிட்ஜின் உள்ளே இருக்கும் சட்டத்தை மெழுகில் கையால் வடித்துக் கொடுக்க வேண்டும். கருவி அதை லேசரால் அளந்து, பெருக்கி, கடையும். அத்தனை நவீனத்துக்கும் பிள்ளையார் சுழி மெழுகுக் கத்திதான்.

சரி, எத்தனை வருஷம்? சூரிச் குழு 2007-ல் வெளியிட்ட ஐந்தாண்டுக் கணக்கில் 97.8 சதவீதச் சட்டங்கள் உடையாமல் நின்றன. மேலே ஏற்றிய பீங்கானோ 15.2 சதவீத பிரிட்ஜ்களில் பெயர்ந்தது; 21.7 சதவீதத்தில் தூண் பல்லே சொத்தையானது. சட்டங்கள் இன்னும் கச்சிதமாகப் பொருந்த வேண்டும் என்று அவர்களே எழுதினார்கள். அந்த விளிம்புச் சண்டையை அடுத்த வாரம் பார்ப்போம்.