சத்தமில்லாமல் சுழலும் வடிவேலு

பொங்கல் முடிந்து சென்னை திரும்பும் பஸ், விக்கிரவாண்டி டோல்கேட்டில் வரிசையில் நிற்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவிலோ வடிவேலு ஒரே முழியைத் திரும்பத் திரும்ப முழிக்கிறார். ஜிஃப் எனப்படும் அந்தக் குட்டி அசைபடத்தை உங்கள் போனிலேயே செய்யலாம், தெரியுமா?

வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோவை எடுத்து, சுமார் 6 விநாடிக்குள் சுருக்குங்கள். திரையில் ஜிஃப் என்ற பட்டன் தெரியும். தொட்டு அனுப்பினால் போதும். சத்தம் போய்விடும், அசைவு மட்டும் விடாமல் சுழலும். வடிவேலுவுக்குச் சத்தம் எதற்கு? முகமே போதுமே!

ஜிஃப் என்ற இந்தப் பட வடிவம் வாட்ஸ்அப்பைவிட ரொம்ப மூத்தது. 1987-இல், அமெரிக்காவின் கம்ப்யூசர்வ் நிறுவனத்தில், ஸ்டீவ் வில்ஹைட் குழுவினர் உருவாக்கியது. ஸ்மார்ட்போன் என்ற பேச்சே இல்லாத காலம் அது.