ஒன்றரை ஏக்கரும் டோர்ட்முண்ட் ஞாயிற்றுக்கிழமையும்

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு வீட்டில் ஞாயிறு இரவு எட்டு மணிக்கு வீடியோ கால் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் கோடை என்றால் அப்போது மாலை நாலரை, குளிர்காலம் என்றால் மூன்றரை. ‘சாப்டியாப்பா?’ என்று அம்மா தொடங்குவார். அப்பா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ‘பணம் இருக்கா?’ என்பார். இந்த இரண்டாவது கேள்விக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு நிலம் இருக்கிறது. ஆலை வேலைக்காகத் திருவொற்றியூருக்கு வந்த குடும்பங்களில் பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் அரை ஏக்கரோ ஒன்றரை ஏக்கரோ இன்னும் கையில் வைத்திருப்பவர்கள் உண்டு.

‘ஜெர்மனியில் படிப்பு இலவசம்’ என்பதைக் கேட்டுத்தான் பலரும் கிளம்புகிறார்கள். அது பாதி உண்மை. டோர்ட்முண்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை முந்நூறு யூரோவை ஒட்டி ஒரு தொகை கட்டினால் போதும். அதிலேயே ரயில், பஸ் பாஸும் அடங்கிவிடும். ஆனால், எல்லா மாநிலமும் ஒன்றல்ல. ஸ்டுட்கார்ட் இருக்கும் மாநிலத்தில் நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு 1,500 யூரோ கட்டணம்.

செலவு வேறு இடத்தில் காத்திருக்கிறது. ஓர் ஆண்டு சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் பணம் இருக்கிறது என்று காட்ட, முடக்கக் கணக்கு ஒன்றில் 11,904 யூரோ போட வேண்டும். 2024 செப்டம்பரில் வந்த அளவு இது. யூரோவுக்கு 100 ரூபாய் என்று போட்டாலே கிட்டத்தட்ட 12 லட்சம். இதை டெபாசிட் என்று நினைத்து, ‘படிப்பு முடிந்ததும் அப்படியே திரும்பி வரும்’ என்று நம்பும் பெற்றோர் இருக்கிறார்கள். வராது. மாதம் 992 யூரோ வீதம் பையன் கையில் கொடுக்கப்பட்டு, ஓர் ஆண்டில் கணக்கு காலியாகிவிடும். இரண்டாம் ஆண்டு தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும்போது, பணத்துக்கு மறுபடியும் வழி காட்ட வேண்டும்.

நிலத்துக்குச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாக அடமானம் கேட்கும். விவசாய நிலத்தைக் காட்டினால் பல வங்கிகள் வேண்டாம் என்றுவிடும். கடன் நின்றுபோனால் நீதிமன்றம் போகாமலே சொத்தைக் கைப்பற்ற வழிசெய்யும் 2002-ம் ஆண்டு சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது என்பது அதற்கு ஒரு காரணம். வங்கி கைவிரித்ததும் வட்டிக்காரரிடம் பத்திரம் போகிறது. ‘பையன் அங்கே பார்ட் டைம் வேலை பார்த்து அனுப்பிடுவான்’ என்ற நம்பிக்கையில் போகிறது.

அனுப்ப முடியுமா? வெளிநாட்டு மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை செய்யலாம். 2025-ல் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோ. கேட்க நிறையத் தெரியும். மருத்துவக் காப்பீட்டுக்கே மாதம் 140 யூரோவுக்குக் குறையாது. வாடகை அதைவிடப் பெரிய பூதம். தேர்வு மாதங்களில் வேலைக்கும் போக முடியாது. பார்ட் டைம் சம்பளம் அவன் வயிற்றுக்கும் அறைக்கும் சரியாக இருக்கும். ஊர்க் கடனை அடைப்பது படிப்பு முடிந்து வேலை கிடைத்த பிறகுதான். அதுவரை வட்டியை யார் கட்டுவது என்பதை விமானம் ஏறும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசிவிட வேண்டும்.

அன்றாட வாழ்க்கை அவ்வளவு கடினமில்லை, பழகிக்கொண்டால். மதியம் பல்கலைக்கழக உணவகத்தில் மலிவாகச் சாப்பாடு. இரவு சொந்தச் சமையல். அரிசி, மிளகாய்த்தூள் எல்லாம் ஈழத்தமிழர் கடைகளில் கிடைக்கும். ஞாயிறு கடைகள் அடைப்பு. சனிக்கிழமை மறந்தவன் ஞாயிறு வெறும் சோறு தின்ன வேண்டியதுதான். காலி தண்ணீர் பாட்டிலைக் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும் என்பதால், ஒரு பாட்டிலையும் எறிய மனம் வராது. டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். சாப்பாட்டைவிட அந்த இருட்டுதான் பலரை வாட்டுகிறது.

அதனால்தான் வார இறுதியில் எங்காவது கிளம்பிவிட வேண்டும். பாஸ் இருப்பதால் உள்ளூர் ரயில்களுக்குத் தனிச் செலவில்லை. டோர்ட்முண்டிலிருந்து ஏறத்தாழ இருபது நிமிடத்தில் ஹம் நகரம். அங்கிருந்து ஊன்ட்ரோப் போனால், தொழிற்பேட்டைக்கு நடுவில் 17 மீட்டர் கோபுரத்துடன் நிற்கிறது காமாட்சி அம்பாள் கோயில். ஆலைகளுக்கு இடையே வடிவுடையம்மனைக் கும்பிட்டு வளர்ந்தவனுக்கு அந்த இடம் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். இலங்கையிலிருந்து அகதியாக வந்த பாஸ்கரக் குருக்கள் ஒரு நிலவறையில் தொடங்கிய வழிபாடு, 2002-ல் குடமுழுக்குக் கண்ட பெரிய கோயிலாக வளர்ந்தது. கோடைத் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதுமிருந்து தமிழர்கள் வருகிறார்கள். தீர்த்தவாரி நடப்பது சரக்குக் கப்பல் போகும் கால்வாயில்!

அதே பக்கம்தான் சூஸ்ட் சமவெளி. கோதுமைக்குப் பேர்போன மண். ஜெர்மன் கிராமங்களில் பண்ணை வாசலிலேயே பால் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். காசு போட்டுப் பாட்டிலில் பிடித்துக்கொள்ளலாம். ‘காய்ச்சிக் குடிக்கவும்’ என்ற பலகை சட்டப்படி கட்டாயம். ஜூனில் ஸ்ட்ராபெர்ரித் தோட்டங்களில் நாமே பறித்து எடை போட்டு வாங்கலாம். பூந்தோட்டத்தில் ஆளே இருக்காது. விலைப்பலகை, கத்தி, உண்டியல் மட்டும். விலையைச் சொல்பவர் விவசாயி. இதைப் பார்த்த பையன் பொன்னேரி நெல்லை நினைக்காமல் இருக்க முடியாது. அதற்காக அங்கே எல்லாம் சுகம் என்று எண்ண வேண்டாம். சிறு பால் பண்ணைகள் அங்கேயும் மூடப்பட்டுவருகின்றன. தண்ணீர்விட்டான் கிழங்கின் உறவான ஆஸ்பரகஸ் தண்டை அறுக்கப் போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் கூலியாட்கள் வருகிறார்கள்.

எங்கேயும் போகாத ஞாயிறுகளில் டோர்ட்முண்டிலேயே பீனிக்ஸ் ஏரி இருக்கிறது. 2001 வரை அங்கே இரும்பாலை. ஆலையைப் பிரித்துச் சீனாவுக்கு அனுப்பிவிட்டு, பள்ளம் தோண்டி 2010-ல் நீர் நிரப்பத் தொடங்கினார்கள். பக்கத்தில் ஓடும் எம்ஷர் ஆறு நூறாண்டுக்கும் மேலாகச் சாக்கடையாக இருந்தது. 1992-ல் தொடங்கிய சீரமைப்பு முப்பது ஆண்டு நீண்டு, 500 கோடி யூரோவுக்கும் மேல் விழுங்கி, இப்போதுதான் கழிவுநீர் இல்லாமல் ஓடுகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் மிதந்ததைக் கண்ணால் பார்த்த வடசென்னைப் பையன், அந்தக் கரையில் கொஞ்ச நேரம் கூடுதலாகவே நிற்பான்.

நிற்கும்போதே போன் அடிக்கும். திருவொற்றியூரில் மணி எட்டு. நவரைக்கு நாற்று விட்டாச்சா, போன மாதம் வட்டி கட்டினீங்களா என்று இந்த முறை அவன் கேட்பான்.