கல்வெட்டில் இசை கேட்ட கடம்பி மீனாட்சி

சென்னைப் பல்கலைக்கழகம் ஒரு பெண்ணுக்கு முதன்முதலாக முனைவர் பட்டம் வழங்கியது 1936-ஆம் ஆண்டில். பெற்றவர் கடம்பி மீனாட்சி. வயது முப்பது சொச்சம். பல்லவர் கால ஆட்சிமுறையும் சமூக வாழ்வும் அவர் எடுத்துக்கொண்ட பொருள். 1938-இல் பல்கலைக்கழகமே அந்த ஆய்வை ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டது. 1940 மார்ச் 3-ஆம் தேதி, முப்பத்தைந்து வயது நிறையும் முன்பே, அவர் காலமானார்.

பல்லவர்களின் மாமல்லபுரம் என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் வந்து நிற்கும் எழுத்தாளர் கல்கி. 1930-களில் ஒரு நாள் ரசிகமணி டி.கே.சி.யோடு மாமல்லபுரக் கடற்கரை மணலில் உட்கார்ந்திருந்தபோது தோன்றிய கற்பனைதான் பின்னால் ‘சிவகாமியின் சபதம்’ ஆயிற்று என்று அவரே எழுதியிருக்கிறார். 1944-இல் ‘கல்கி’ இதழில் தொடராக வரத் தொடங்கிய அந்தக் கதை இன்றுவரை பதிப்புக்கு மேல் பதிப்பாக விற்கிறது. அதே 1930-களில், அதே பல்லவர்களைப் பற்றி, அவரைவிட ஆறு வயது இளையவரான ஒரு பெண் செப்பேடும் கல்வெட்டுமாகப் படித்து எழுதிக்கொண்டிருந்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கல்கியின் புகழில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவரைப் படித்துவிட்டு மாமல்லபுரம் போகிறவர்கள் மீனாட்சியையும் படித்துவிட்டுப் போக வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஆட்சிமுறை என்ற தலைப்பைப் பார்த்தவுடன் வரி, நிலம், கிராம சபை என்று எண்ணிப் பலர் அந்த நூலை ஒதுக்கிவிடக்கூடும். அவையெல்லாம் அதில் உண்டு. அதே அட்டைக்குள் இசையும் நடனமும் நாடகமும் ஓவியமும் கல்விச் சாலைகளும் இருக்கின்றன. கலை வரலாறு எழுதுகிறவர்கள் வழக்கமாக அரசனின் ரசனையில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுவார்கள். யார் பாடினார், யார் படித்துக் காட்டினார், அவர்களுக்குச் சோறு எங்கிருந்து வந்தது என்ற கேள்விகளுக்குத் தானக் கணக்கைப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். அந்தக் கணக்கையும் கலையையும் ஒரே நூலுக்குள் வைத்ததுதான் மீனாட்சி செய்த பெரிய காரியம் என்று நினைக்கிறேன்.

அவர் வந்த வழி சுலபமானதல்ல. தந்தை உயர் நீதிமன்றத்தில் வேலை பார்த்தவர். மகள் சிறுமியாக இருக்கும்போதே இறந்துவிட்டார். தாய்தான் வளர்த்துப் படிக்க வைத்தார். இளம் வயதிலேயே மாமல்லபுரம், காஞ்சி, கும்பகோணம் என்று கோயில்களைத் தேடிப் போகும் ஆர்வம் மீனாட்சிக்கு இருந்திருக்கிறது. பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் இளங்கலை முடித்தார். முதுகலைக்குச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியை நாடியபோது, அது ஆண்கள் படிக்கும் இடம் என்று தடை வந்தது. அங்கே ஆசிரியராக இருந்த அவருடைய அண்ணன், தங்கைக்குத் தாம் பொறுப்பு என்று சொன்ன பிறகே இடம் கிடைத்தது. ஒரு பெண் வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்பதற்கே ஓர் ஆண் ஜாமீன் நிற்க வேண்டியிருந்த காலம் அது.

அவர் ஆய்வில் இருந்த ஆண்டுகளில் சென்னையில் இசையும் நடனமுமே ஊர்ப்பேச்சு. மியூசிக் அகாடமி தொடங்கியது 1928-இல். சதிர் ஆட்டத்தை ஒழிப்பதா, காப்பதா என்ற வாதம் பத்திரிகைகளில் சூடாக நடந்தது. 1935 கடைசியில் ருக்மிணி தேவி அடையாற்றில் மேடையேறினார். அடுத்த மாதமே, 1936 ஜனவரியில், கலாக்ஷேத்ரா பிறந்தது. நம் பழைய இசை எப்படி இருந்தது, நடனம் யாருக்குச் சொந்தம் என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். அந்தக் கேள்விகளுக்கு மேடைப் பேச்சு மட்டும் போதாது. கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லும் ஆளும் வேண்டியிருந்தது. ஒருவர் பாட, ஒருவர் ஆட, ஒருவர் எழுத என்று 1936-ஆம் ஆண்டுக் கலையுலகில் வேலைகள் தனித்தனியாகப் பிரிந்துகொண்டிருந்தபோது, அவற்றை ஒரே சமூகத்தின் தொழில்களாகப் பார்த்தவர் மீனாட்சி.

கல் என்ன சொல்கிறது என்று இனிப் பார்க்கலாம். செங்கல்பட்டிலிருந்தே தொடங்குவோம். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் வல்லம் என்ற ஊர் வரும். அங்குள்ள குன்றில், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ அரசன் மகேந்திரவர்மன் காலத்தில் குடைந்த கோயில் இருக்கிறது. குடைவித்தவன் அரசன் அல்லன். அவனுக்குக் கீழ்ப்பட்ட வசந்தப்பிரியராசன் என்பவனின் மகன் கந்தசேனன். அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு மகேந்திரனைப் பகாப்பிடுகு, லளிதாங்குரன், சத்துருமல்லன், குணபரன் என்று பட்டப்பெயர்களை அடுக்கிச் சொல்கிறது. சித்திரகாரப்புலி, மத்தவிலாசன் என்று வேறு பட்டங்களும் அவனுக்கு உண்டு. ஓவியத்துக்கு ஒன்று, நாடகத்துக்கு ஒன்று.

மத்தவிலாசம் அவன் எழுதிய வடமொழி அங்கத நாடகம். கதை நடப்பது காஞ்சியில். ஒரு காபாலிகன் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டுப் பௌத்தத் துறவி மேல் சந்தேகப்படுகிறான். கடைசியில் பார்த்தால் அதைத் தூக்கிப் போனது ஒரு நாய். அரசாளும் ஒருவன் தன் தலைநகரத் தெருவையே வைத்து இப்படி எழுதியது பெரிய விஷயம். தமிழ்நாட்டில் அந்த நாடகம் வழக்கொழிந்து போயிற்று. கேரளத்தில் சாக்கியார்கள் கோயில்களில் நடித்துக் காப்பாற்றி வந்தார்கள். 1917-இல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரி அதை அச்சேற்றிய பிறகுதான் நம் ஊர் அறிஞர்கள் கைக்கு அது வந்து சேர்ந்தது.

புதுக்கோட்டைக்கு அருகே குடுமியான்மலையில் பாறை மேல் வெட்டிய இசைக் கல்வெட்டையும் அக்காலத்தில் பலர் மகேந்திரனுடையது என்றே எழுதினார்கள். ஏழு பகுதிகள், பகுதிக்கு ஒரு கிராம ராகம். சுரங்கள் நான்கு நான்காகக் கோத்து எழுதப்பட்டிருக்கின்றன. மாணவர்களின் நன்மைக்காக உருத்திராசாரியரின் சீடனான ஓர் அரசன் செய்தான் என்று முடிவில் வருகிறது. அரசனின் பெயர் இல்லை. அதனால் அது மகேந்திரனுடையதா என்று பின்னால் வந்தவர்கள் ஐயப்பட்டார்கள். அவர்கள் ஐயம் நியாயமானதே. ஆனால் அது யாருடையதாக இருந்தாலும், சுரப் பயிற்சியை மாணவனுக்காகப் பாறையில் எழுதி வைத்த ஒரு காலம் இருந்தது என்பதில் ஐயம் இல்லை.

கடற்கரைக்கு வருவோம். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஐந்து கிலோமீட்டர் தொலைவில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது சாளுவன்குப்பம். புலிக்குகை என்று பெயர் பெற்ற பாறையும், அதைச் சுற்றிய யாளித் தலைகளும் எல்லோருக்கும் தெரியும். நான் போன நாளில் வந்திருந்தவர்கள் அத்தனை பேரும் அந்த யாளிகளுக்கு முன்னால்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதே வளாகத்தில் சில அடி தள்ளி அதிரணசண்டக் குடைவரை இருக்கிறது. அங்கே யாரும் இல்லை. அதன் இரு பக்கச் சுவர்களிலும் ஒரே வடமொழிப் பாடல்கள், ஒரு பக்கம் கிரந்த எழுத்தில், மறுபக்கம் வடநாட்டு நாகரி எழுத்தில். அவற்றில் ஒரு பாடல், காலகாலன் என்ற அரசனின் இசையைப் பிரமனும் பரதனும் திருமாலும் நாரதனும் கந்தனும் அல்லாமல் வேறு யார் முழுதாக அறிய முடியும் என்று கேட்கிறது.

அரசனைப் புகழ்வது புலவன் தொழில், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போர் வெற்றியை விட்டுவிட்டு இசை அறிவை எடுத்துப் புகழ்ந்திருக்கிறானே, அதைக் கவனிக்க வேண்டும். இந்தக் காலகாலன் கடற்கரைக் கோயிலைக் கட்டிய இராசசிம்மன்தான் என்பது பெரும்பாலோர் கருத்து. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் அவன் வெட்டிவைத்த பட்டப்பெயர்கள் இருநூற்றுக்கும் மேல். அவற்றில் வீணா நாரதன், ஆதோத்திய தும்புரு, வாத்திய வித்தியாதரன் என்ற மூன்றும் இசைக்காகவே வந்தவை.

இதுவரை சொன்னதெல்லாம் அரசர்கள் கதை. எனக்கு இவற்றைவிடப் பெரிதாகத் தெரிவது கூரம் செப்பேட்டில் உள்ள ஒரு செய்தி. காஞ்சிபுரத்துக்கு அருகே உள்ள ஊர் கூரம். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதலாம் பரமேசுவரவர்மன் பரமேசுவரமங்கலம் என்ற ஊரை 25 பங்காகப் பிரித்து, அவற்றில் சிலவற்றைக் கூரத்தின் கோயிலுக்கும் மண்டபத்துக்கும் கொடுத்தான். பூசைக்கும் பழுதுபார்ப்புக்கும் சில பங்கு. மண்டபத்தில் தண்ணீரும் நெருப்பும் தருவதற்கு ஒரு பங்கு. அந்த மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு ஒரு பங்கு. தாகத்துக்குத் தண்ணீர் எவ்வளவு தேவையோ அவ்வளவே தேவை கதை என்று அந்த ஊரின் கணக்கு சொல்கிறது. வாசித்துக் காட்டுவது ஒரு வேலை, அந்த வேலைக்கு நிலத்தில் பங்கு உண்டு.

அந்த வாசிப்பு இந்த மண்ணில் முற்றாக நின்றுவிடவில்லை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் திரௌபதி அம்மன் கோயில்களில் கோடையில் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் பாடிப் பொருள் சொல்வார். இரவில் அதே பகுதியைக் கூத்தாக ஆடுவார்கள். கடைசியில் துரியோதனன் படுகளம், பிறகு தீமிதி. செலவுக்கு ஊரில் தலைக்கட்டு வரி பிரிப்பார்கள். பல்லவன் கொடுத்த பங்குக்கும் இந்த வரிக்கும் இடையே அறுபடாத தொடர்ச்சி இருக்கிறது என்று நான் சாதிக்க வரவில்லை, அதற்குச் சான்று வேண்டும். கதை சொல்கிறவருக்கு ஊர் சேர்ந்து கூலி கொடுக்கும் வழக்கம் இங்கே மிகப் பழையது என்பது மட்டும் உறுதி.

மீனாட்சிக்கு அந்தப் பங்கு தாமதமாகத்தான் கிடைத்தது. 1936-இல் பட்டம், 1938-இல் நூல். 1939-இல்தான், மைசூர் திவான் சர் மிர்சா இஸ்மாயில் அவரைப் பெங்களூர் மகாராணி கல்லூரியில் உதவிப் பேராசிரியராக நியமித்தார். பல்லவர் நாட்டைப் பற்றி அவ்வளவு எழுதியவருக்குக் கல்லூரி ஆசிரியர் வேலை பல்லவர் நாட்டுக்கு வெளியே கிடைத்தது. மறு ஆண்டே மரணம். நினைக்க நினைக்க வருத்தமாக இருக்கிறது. இன்னும் முப்பது ஆண்டுகள் அவர் எழுதியிருந்தால் தொண்டை மண்டலத்தின் கலை வரலாறு இன்று எப்படி இருந்திருக்கும்!

மாமல்லபுரத்தைச் சுற்றிய இந்தக் கரையில் இன்று எழுத வரும் இளைஞர்களைப் பார்க்கிறேன். நன்றாகப் பாட்டுக் கேட்கிறார்கள், நிறையப் படிக்கிறார்கள், எழுதுகிறார்கள். இசைக்கும் புத்தகத்துக்கும் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்ற எண்ணம் மட்டும் அவர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. மார்கழிக்கு மயிலாப்பூர், தையில் புத்தகக் கண்காட்சி, மற்ற மாதங்களில் கைப்பேசி. அவர்களிடம் நான் கேட்பது ஒரே ஒரு வருஷம். மாசி மகத்தன்று மாமல்லபுரக் கடற்கரைக்குப் போங்கள். இருளர் குடும்பங்கள் பல மாவட்டங்களிலிருந்து வந்து மணலில் குடில் போட்டுத் தங்கி, விடியலில் கன்னியம்மாளைக் கும்பிட்டுப் பாடுவதைக் கேட்கலாம். கோடையில் ஒரு பாரதக் கூத்தை முதல் நாளிலிருந்து படுகளம் வரை விடாமல் பாருங்கள், பகல் பிரசங்கத்தையும் சேர்த்து. மழைக்காலத்தில் மீனாட்சியின் நூலை எடுத்து உட்காருங்கள். மார்கழியில் மாமல்லபுரத்தில் சுற்றுலாத் துறை நடத்தும் நாட்டிய விழாவுக்குப் போனால், முன்னதாகவே போய் அர்ச்சுனன் தபசுப் பாறையில் தாளமும் யாழும் ஏந்திப் பறக்கும் கின்னரர்களை எண்ணிப் பார்த்துவிட்டு வந்து நாற்காலியில் உட்காருங்கள். ஒரு வருஷத்தில் கிடைப்பதை எழுதினாலே ஒரு புத்தகம் ஆகும்.

மாவட்ட நூலகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் இரண்டும் இன்று தனித்தனி மாவட்டங்கள். மீனாட்சி எழுதிய காலத்தில் எல்லாம் ஒரே செங்கல்பட்டு மாவட்டம். இரண்டு மாவட்ட மைய நூலகங்களிலும் அவருடைய நூல்கள் உள்ளூர் எழுத்தாளர் அலமாரியில் இருக்க வேண்டும். வல்லத்திலும் சாளுவன்குப்பத்திலும் கூரத்திலும் கல்வெட்டும் செப்பேடும் என்ன சொல்கின்றன என்று எளிய தமிழில் ஒரு பலகை வைத்தால், பள்ளிச் சுற்றுலா வரும் பிள்ளைகள் யாளிக்கு முன்னால் நின்றுவிட்டுத் திரும்ப மாட்டார்கள்.

காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயிலின் சுற்று மண்டபச் சுவர்களில் பல்லவர் வரலாறு முழுவதும் சிற்ப வரிசையாக ஓடுகிறது. அரசன் வாரிசில்லாமல் இறக்க, காஞ்சியிலிருந்து போனவர்கள் இரணியவர்மனிடம் ஒரு பிள்ளையைக் கேட்க, மூத்தவர்கள் மறுக்க, பன்னிரண்டு வயதுப் பல்லவமல்லன் நான் போகிறேன் என்று சொல்லி வந்து நந்திவர்மனாக முடி சூடுகிறான். சில சிற்பங்களுக்குக் கீழே தமிழ் எழுத்தில் விளக்கமும் உண்டு. எந்தச் சிற்பம் எந்த நிகழ்ச்சி என்று ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு மீனாட்சி எழுதிய ஆய்வைத் தொல்லியல் துறை 1941-இல் தன் நினைவு வெளியீட்டு வரிசையில் 63-ஆம் எண்ணாக அச்சிட்டது. அச்சில் அதைப் பார்க்க அவர் இல்லை. செங்கல்பட்டு சந்திப்பில் ரயில் ஏறிக் காஞ்சிபுரத்தில் இறங்குகிறவர்கள், கைலாசநாதரைப் பார்த்த கையோடு, அந்த ஆய்வை எடுத்துக்கொண்டு இந்தச் சுவர்களை முதல் சிற்பத்திலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டு போகலாம்.