பிள்ளையின் பாதையும் ஊரின் வாயும்

சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியானதும் நம் இல்லங்களில் எழும் முதற் கேள்வி, "உயர்தரத்திற்கு என்ன பிரிவு?" என்பதே. கேள்வி பிள்ளையை நோக்கிக் கேட்கப்பட்டாலும், பதில் பெரும்பாலும் பெற்றோரிடமிருந்தே வருகிறது. உயிரியல், அல்லது கணிதம். வர்த்தகம் என்றால் குரல் சற்றுத் தாழ்கிறது. கலை என்றால் காரணம் கூற வேண்டியதாகிறது. மாமாவின் மகன் டொக்டர், அடுத்த வீட்டுப் பிள்ளை எஞ்சினியர் என்ற பேச்சின் நடுவே, அப்பிள்ளையின் உள்ளத்தில் இருப்பது யாதென வினவ எவருக்கும் நேரம் கிடைப்பதில்லை.

2025 செப்டெம்பர் 7ஆம் திகதி திருத்தந்தை பதினான்காம் லியோ இரு இளைஞர்களைப் புனிதர்களாக அறிவித்தார். அவர்களுள் கார்லோ அக்குத்திஸை நம் பிள்ளைகள் நன்கறிவர். கணினி அவரைப் பிரபலமாக்கிவிட்டது. மற்றவரான பியர் ஜோர்ஜியோ பிரசாத்தியை நம் பெற்றோர் அறிந்துகொள்வது நன்று.

இவர் 1901ஆம் ஆண்டு இத்தாலியின் தூரின் நகரில் பிறந்தவர். தந்தை அல்பிரேதோ, 'லா ஸ்தாம்பா' என்னும் புகழ்பெற்ற நாளிதழின் உரிமையாளர்; செனட்டர்; பின்னர் ஜேர்மனிக்கான இத்தாலியத் தூதுவர். ஒரே மகன், ஒரு தங்கை. அத்தகைய வீட்டில் மகனுக்குரிய நாற்காலி அவன் வளருமுன்னரே தயாராகிவிடும். மகனோ சுரங்கப் பொறியியல் கற்கச் சென்றார். (பொறியியல் என்றதும் நம்மவர் மகிழ்ந்துவிட வேண்டாம்; சுரங்கத் தொழிலாளர் மத்தியில் பணியாற்றுவதற்காகவே அதனைத் தெரிந்துகொண்டார்.) வின்சென்ட் டி போல் சபையில் இணைந்து ஏழைகளின் குடிசைகளைத் தேடிச் சென்றார். பயணப் பணத்தையும் அவர்களுக்கே ஈந்துவிட்டு நடந்து வீடு திரும்புவார். உணவு வேளைக்குப் பிந்தி வந்ததற்காக ஏச்சும் வாங்குவார்.

அவர் லோரா ஹிதால்கோ என்ற மாணவியை நேசித்தார். பெற்றோரை இழந்த பெண். தம் குடும்பம் அவளை ஏற்காது என்பதை உணர்ந்தார். தம் பெற்றோரின் மணவாழ்வே முறியும் நிலையில் இருந்ததையும் கண்டார். எனவே தம் அன்பை அவளிடமே வெளியிடாது விட்டுவிட்டார். 1925இல் தந்தை தம் பத்திரிகை நிர்வாகத்திற்கு அழைத்தபோது அதற்கும் இணங்கினார்.

இதை வாசிக்கும் தந்தையர் சிலர், "பார், புனிதரே பெற்றோர் மனம்போல் நடந்தார்" என்று இப்பத்தியைப் பிள்ளையிடம் நீட்டக்கூடும். அன்பர்களே, அவசரப்பட வேண்டாம். பலியை ஒருவர் தாமே மனமுவந்து ஒப்புக்கொடுக்கலாம். அதை அவரிடம் வற்புறுத்தி வாங்க எவருக்கும் உரிமையில்லை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, வாழ்க்கை நிலையைத் தெரிவதில் எவ்வித நிர்ப்பந்தமும் கூடாது என 219ஆம் சட்டத்தில் உரைக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும் 2230ஆம் எண்ணில், தொழிலையும் வாழ்க்கைத் துணையையும் தெரியும் பிள்ளைக்குப் பெற்றோர் ஆலோசனை கூறலாம், அழுத்தம் கொடுக்கலாகாது என்கிறது. சீதனத்தையும் சாதியையும் பார்த்து மகளின் மணத்தைத் தீர்மானிக்கும் தகப்பனுக்கும், நேர்த்தி வைத்துவிட்டேன் என்று விருப்பமற்ற மகனைக் குருமடத்திற்கு அனுப்பும் தாய்க்கும் இது ஒன்றாகவே பொருந்தும்.

பிரசாத்தி அந்தப் பத்திரிகை நாற்காலியில் அமரவுமில்லை, பட்டம் பெறவுமில்லை. 1925 ஜூலை 4ஆம் திகதி, இளம்பிள்ளைவாத நோயினால் தமது 24ஆவது வயதில் மரித்தார். இறுதி ஊர்வலத்திற்குப் பிரமுகர்கள் வருவார்களென வீட்டார் எதிர்பார்த்திருந்தனர். வீதிகளை நிறைத்து நின்றவர்களோ தூரின் நகரின் ஏழைகள். தம் மகன் இத்தனை ஆண்டுகளாக எங்கே சென்று வந்தான் என்பதைப் பெற்றோர் அன்றுதான் கண்டுகொண்டனர்.