சட்டைப் பை மின் சிகரெட்டும் நமது கிட்டங்கியும்



சென்ற பங்குனியில் ஒரு நாள், மல்லி லாரி இறங்கிக்கொண்டிருந்த நேரம், எங்கள் மண்டிக்கு ஓர் இளைஞர் கைப்பையோடு வந்தார். புதுச் சரக்கு என்று சொல்லி, விரல் நீளத்தில் ஒரு கருவியை மேசைமேல் வைத்தார். மின் சிகரெட். பையன்கள் 'வேப்' என்கிறார்கள். "அண்ணாச்சி, இது லோடுமேன், கொத்தனார், டிரைவர் இவங்களுக்குன்னே கெட்டியா செஞ்சது. சட்டைப் பையிலே கிடக்கும். கீழே விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது. தீப்பெட்டி வேண்டாம், சாம்பல் இல்லை" என்றார். லாபமும் சொன்னார். பீடிக் கட்டில் நமக்கு நிற்பதைப் போலப் பல மடங்கு. பில் உண்டா என்று கேட்டேன். "எல்லாம் ரொக்கம்தான்" என்று சிரித்தார்.

நாற்பது வருஷமாக மொத்த வியாபாரம் செய்பவன் நான். பில் இல்லாத சரக்குக்குக் கை நீட்டியதில்லை, வேண்டாம் என்றுவிட்டேன். ஆனாலும் மனம் கொஞ்சம் ஆடியது. காரணம் லாபம் மட்டுமல்ல. எங்களிடம் வெகுகாலமாக மூட்டை தூக்கும் ஒருவர் நாளைக்கு இரண்டு கட்டு பீடி குடிப்பவர். 50 கிலோ மூட்டையோடு பலகையில் ஏறும்போது இருமல் வந்து மூட்டை சரிந்ததை அந்த வாரம்தான் பார்த்திருந்தேன். அந்தப் பீடியும் என் கடையில் வாங்கியதுதான்.

அவர் அந்தக் கருவியைக் கையில் வாங்கிப் பார்த்து, "இதுக்கு மாறிக்கிட்டா நெஞ்சு தேவலையாகுமா அண்ணாச்சி?" என்றார். இளைஞர் மாதிரிக்கு என்று ஒன்றை அவருக்கே கொடுத்துவிட்டுப் போனார். நான் தடுக்கவில்லை. அது என் தவறு.

உள்ளே இருப்பது இவ்வளவுதான்: ஒரு லித்தியம் பேட்டரி, ஒரு சூடேறும் கம்பிச் சுருள், நிகோடின் கலந்த வாசனைத் திரவம். இழுத்தால் திரவம் ஆவியாகிறது. எதுவும் எரிவதில்லை என்பதால் பீடிப் புகையைவிடக் கெடுதல் குறைவு என்று பிரிட்டனில் சுகாதாரத் துறையே சொல்கிறது. அங்கே பெரியவர்களுக்கு விற்கச் சட்டமும் இடம் தருகிறது. ஆனால் நிகோடின் நிகோடின்தான். நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும், பழக்கமும் விடாது. வெயிலில் மூட்டை தூக்குகிறவருக்கு நாடி ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

கெட்டி என்ற பேச்சுக்கு வருகிறேன். சட்டம் இடம் தரும் ஊர்களில் உடலுழைப்புக்காரர்கள் உலோக உடம்பு, பையில் தானாக அழுந்தாத பொத்தான், கழற்ற முடியாத பேட்டரி என்று பார்த்து வாங்குவார்கள். தனிப் பேட்டரியைச் சில்லரைக் காசோடும் சாவியோடும் பையில் போட்டால் மின்சாரம் குறுக்கே பாய்ந்து தீப்பிடிக்கும். ஆனால் எந்த உடம்பாக இருந்தாலும் மல்லி மூட்டையின் எடையைத் தாங்க அதைச் செய்யவில்லை. நாலாம் நாள் அவர் குனிந்தபோது பையிலிருந்து நழுவி விழுந்தது. அடுத்த மூட்டை அதன்மேல் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் சாக்கு கருகும் வாடை. மூட்டையைப் புரட்டி மண்ணை அள்ளிக் கொட்டினோம். உள்ளங்கை அகலத்துக்குச் சாக்கு பொசுங்கியிருந்தது. பக்கத்து அட்டியில் எண்ணெய் டின்கள்! பகல் நேரமாகப் போயிற்று. இரவில் பூட்டிய கிட்டங்கியில் நடந்திருந்தால் இன்சூரன்ஸ்காரரிடம் என்ன சொல்லியிருப்பேன்?

அதே இளைஞர் ஆவணியில் மறுபடி வந்தார். இம்முறை சரக்கு விற்க அல்ல. பின்கட்டு அறையை இரண்டு மாதத்துக்கு வாடகைக்குக் கேட்டார். நல்ல வாடகை. அன்று மாலை எங்கள் வக்கீலிடம் கேட்டபோதுதான் விவரம் முழுதும் தெரிந்தது. உறுப்பினர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன்.

2019 செப்டம்பரில் அவசரச் சட்டமாக வந்து, அந்த டிசம்பரில் மத்திய அரசின் முழுச் சட்டமானது. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, லாரியில் கொண்டுபோவது, விற்பது, விநியோகம், விளம்பரம் எல்லாமே குற்றம். கடையில் ஓர் அட்டை தொங்கவிட்டாலும் விளம்பரம்தான். முதல் முறை ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும். இருப்பு வைத்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது 50,000 வரை அபராதம், அல்லது இரண்டும். தெரிந்தே தன் இடத்தில் பிறர் சரக்கை வைக்க அனுமதிப்பவரையும் சட்டம் விடுவதில்லை. "நிகோடின் இல்லாதது அண்ணாச்சி" என்று சொல்லிக் கொடுப்பார்கள். நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சட்டத்துக்கு ஒன்றுதான். அறை வாடகைக்கு இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

நம் லோடுமேன் கதைக்கு வருகிறேன். அரசு பொது மருத்துவமனைக்கு அழைத்துப்போய் நெஞ்சைக் காட்டினோம். டாக்டர் 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் எழுதிக் கொடுத்தார். சாதாரண மிட்டாய் போல மெல்லக் கூடாதாம். மெதுவாக மென்று, காரம் தட்டியதும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். வாயில் இருக்கும்போது டீ குடிக்கக் கூடாது. பீடியும் டீயும் சேர்ந்தே பழகியவருக்கு இதுதான் பெரிய கஷ்டம். புகை விட நினைப்பவர்களுக்கு 1800 112 356 என்ற இலவச அரசுத் தொலைபேசியும் உண்டு. அந்த எண்ணை எடைத் தராசுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

பீடி முழுதும் நிற்கவில்லை. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்கிறார். எங்கள் கடையில் அவர் பேரில் பீடிப் பற்று எழுதுவதை ஐப்பசியோடு நிறுத்திவிட்டேன்.