‘ரீஸ்டார்ட்’ பண்ணச் சொன்னா ‘அப்புறம்’னு தள்ளிப் போடுறீங்களா? உலகமே கோட்டைவிட்ட அந்த 59 நாட்கள்!

மும்முரமா வேலை பார்த்துக்கிட்டு இருக்கும்போதுதான் கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் அந்த அறிவிப்பு வந்து நிற்கும். ‘அப்டேட் தயார், ரீஸ்டார்ட் செய்யவும்’. நம்மில் பலர் அதை ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று ஒதுக்கிவிடுவோம். ஒரு நாள் ஒரு வாரமாகும், ஒரு வாரம் ஒரு மாதமாகும்.

பெரும்பாலான நேரங்களில் இதனால் ஒன்றும் ஆகாது. ஆனால், சில அப்டேட்கள் அப்படிப்பட்டவை அல்ல. ‘இந்த ஓட்டையை ஹேக்கர்கள் ஏற்கெனவே பயன்படுத்திக் கொண்டிருக்கிறார்கள், உடனே அடையுங்கள்’ என்ற எச்சரிக்கையோடு வருபவை அவை. அதைத் தள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு, 2017-ல் உலகையே உலுக்கிய ‘வானாக்ரை’ தாக்குதலைவிட நல்ல உதாரணம் கிடையாது.

முதலில், ‘பேட்ச்’ என்றால் என்ன?

விண்டோஸ் போன்ற ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் பல கோடி வரி புரோகிராம்களால் ஆனது. அதில் எங்காவது ஒரு சின்ன கணக்குப் பிழை இருந்தால் போதும், வெளியாள் உள்ளே நுழைய அதுவே வாசலாகிவிடும். அந்த இடத்தை மட்டும் சரிசெய்து நிறுவனம் அனுப்பும் திருத்தம்தான் ‘பேட்ச்’. கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போடுவது மாதிரி. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வழக்கமாக மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அன்று இவற்றை மொத்தமாக வெளியிடும். அவசரம் என்றால் இடையிலும் வரும்.

நிறுவனம் பேட்ச் தயாரிப்பதற்கு முன்பே ஹேக்கர்கள் பயன்படுத்தத் தொடங்கிவிட்ட ஓட்டைக்கு ‘ஜீரோ டே’ என்று பெயர். அதாவது, தற்காத்துக்கொள்ள ஒரு நாள்கூட அவகாசம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். ஆனால், வானாக்ரை அந்த வகை கிடையாது. மருந்து கையில் இருந்தும் சாப்பிடாமல் விட்ட கதை அது.

59 நாட்களில் நடந்தது என்ன?

2017 மார்ச் 14: விண்டோஸில் உள்ள ஒரு ஓட்டைக்கான பேட்சை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. ‘மிக ஆபத்தானது’ என்ற தர முத்திரையோடுதான் அது வந்தது.

ஏப்ரல் 14: ‘ஷேடோ புரோக்கர்ஸ்’ என்று தங்களை அழைத்துக்கொண்ட மர்மக் கும்பல் ஒன்று, அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ-விடமிருந்து திருடப்பட்டதாகச் சொல்லப்படும் ஹேக்கிங் கருவிகளை இணையத்தில் கொட்டியது. அதில் ஒன்றின் பெயர் ‘எடர்னல் புளூ’. மைக்ரோசாஃப்ட் ஒரு மாதத்துக்கு முன் அடைத்த அதே ஓட்டை வழியாக உள்ளே நுழையும் கருவி அது.

மே 12, வெள்ளிக்கிழமை: அந்தக் கருவியை உள்ளே வைத்துத் தயாரிக்கப்பட்ட வானாக்ரை உலகம் முழுக்கப் பரவத் தொடங்கியது. ஃபைல்களை எல்லாம் பூட்டிவிட்டு, ‘300 டாலர் பிட்காயினாக அனுப்பு’ என்று திரையில் மிரட்டியது. மூன்று நாளில் கட்டாவிட்டால் 600 டாலர். ஏழு நாள் தாண்டினால் ஃபைல்களை மறந்துவிட வேண்டியதுதான் என்றது.

சில நாட்களிலேயே சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்கள் சிக்கின. இந்தியாவும் தப்பவில்லை. ஆந்திர காவல்துறையின் கம்ப்யூட்டர்களும், கேரளாவில் வயநாடு மாவட்டத்தின் பஞ்சாயத்து அலுவலகக் கம்ப்யூட்டர்களும் பாதிக்கப்பட்டன. சென்னை அருகே ஒரகடத்தில் உள்ள ரெனால்ட்-நிசான் கார் ஆலையும் பாதிக்கப்பட்டதாக அப்போது செய்திகள் வெளியாகின.

பேட்ச் வந்ததற்கும் தாக்குதல் நடந்ததற்கும் இடையே சரியாக 59 நாட்கள். அந்த நாட்களில் ஒரு ரீஸ்டார்ட் நடந்திருந்தால், இந்த வாசல் அவர்களுக்கு மூடியே இருந்திருக்கும்.

எதையும் கிளிக் செய்யாமலே எப்படி பரவியது?

‘தெரியாத லிங்க்கை கிளிக் பண்ணாதீங்க’ என்ற அறிவுரை நமக்கு மனப்பாடம். ஆனால், வானாக்ரைக்கு யாருடைய கிளிக்கும் தேவைப்படவில்லை.

ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஃபைல்களையும் பிரின்டரையும் பகிர்ந்துகொள்ள ‘எஸ்எம்பி’ என்ற முறையைப் பயன்படுத்துகின்றன. அதன் பழைய வடிவத்தில்தான் பிழை இருந்தது. வந்து சேரும் தகவலை வைக்க எவ்வளவு இடம் வேண்டும் என்று விண்டோஸ் தப்பாகக் கணக்குப் போட்டது. இரண்டு லிட்டர் பாத்திரத்தில் மூன்று லிட்டர் பாலை ஊற்றினால் என்ன ஆகும்? வழிந்து பக்கத்தில் இருப்பதை எல்லாம் நனைக்கும் இல்லையா? அப்படித்தான் வழிந்த தகவல் நினைவகத்தின் அடுத்த பகுதியில் போய் உட்கார்ந்தது. எது வழிய வேண்டும், எங்கே போய் விழ வேண்டும் என்பதைத் தாக்குபவர் திட்டமிட்டு அனுப்பினால், கம்ப்யூட்டரின் முழுக் கட்டுப்பாடும் அவர் கைக்குப் போய்விடும்.

உள்ளே நுழைந்த வானாக்ரை, அங்கிருந்து அதே ஓட்டையுள்ள அடுத்த கம்ப்யூட்டரைத் தேடும். ஆபீஸில் ஒருத்தர் கம்ப்யூட்டர் சிக்கினால், பேட்ச் போடாத பக்கத்து சீட் கம்ப்யூட்டர்களும் வரிசையாக விழும்.

ஆஸ்பத்திரிகள் முடங்கியது ஏன்?

அதிகம் அடிபட்ட அமைப்புகளில் ஒன்று பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ். இங்கிலாந்தில் உள்ள 236 மருத்துவ அறக்கட்டளை அமைப்புகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. சுமார் 19 ஆயிரம் மருத்துவ அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தாகியிருக்கும் என்று மதிப்பிடப்பட்டது. அதில் அறுவை சிகிச்சைகளும் அடக்கம். ஐந்து பகுதிகளில் அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் தூரத்தில் உள்ள வேறு ஆஸ்பத்திரிகளுக்குப் போக வேண்டியதாயிற்று.

இவ்வளவுக்கும், அந்த ஆண்டு மார்ச், ஏப்ரல் இரண்டு மாதங்களிலும் ‘பேட்ச் போடுங்கள்’ என்று என்ஹெச்எஸ் டிஜிட்டல் பிரிவு எச்சரிக்கை அனுப்பியிருந்தது. இதை அந்நாட்டின் தேசிய தணிக்கை அலுவலகமே தன் அறிக்கையில் சுட்டிக்காட்டியது.

‘பழைய விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருந்தவர்கள்தான் மாட்டினார்கள்’ என்ற பேச்சு அப்போது பலமாக அடிபட்டது. உண்மை வேறு. உலக அளவில் பாதிக்கப்பட்டவற்றில் சுமார் 98 சதவீதம் விண்டோஸ் 7 என்று காஸ்பர்ஸ்கி நிறுவனம் கணக்கிட்டது. விண்டோஸ் 7-க்கு மார்ச் மாதமே பேட்ச் வந்துவிட்டது. போடத்தான் ஆள் இல்லை.

பேட்ச் வெளியானதும் ஆபத்து குறையாதா?

இங்கேதான் பலரும் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். பேட்ச் வந்துவிட்டது, இனி அவசரமில்லை என்று நினைக்கிறோம். நிஜத்தில், பேட்ச் போடாதவர்களுக்கு ஆபத்து கூடுவதே அன்றைக்குத்தான்.

காரணம், அந்த பேட்ச் நமக்கு மட்டும் வருவதில்லை. ஹேக்கர்களும் அதை டவுன்லோடு செய்கிறார்கள். பழைய ஃபைலையும் புது ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், எந்த இடம் மாறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். மாறிய இடம்தான் ஓட்டை இருந்த இடம். பூட்டு ரிப்பேர்க்காரர் எந்தக் கதவைச் சரிசெய்தார் என்று பார்த்துவிட்டு, அதே மாதிரிக் கதவு வேறு எந்த வீட்டில் சரிசெய்யாமல் இருக்கிறது என்று திருடன் தேடுவதைப் போன்றது இது.

அதனால்தான் அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான ‘சிசா’, ஏற்கெனவே தாக்குதலில் பயன்படுத்தப்படும் ஓட்டைகளுக்கென்றே 2021 நவம்பர் முதல் தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. அதில் ஒரு ஓட்டை சேர்க்கப்பட்டால், அந்நாட்டின் மத்திய அரசு சிவில் துறைகள் கெடு தேதிக்குள் அதைச் சரிசெய்தே ஆக வேண்டும். நம் நாட்டில் இப்படிப்பட்ட எச்சரிக்கைகளை வெளியிடுவது ‘செர்ட்-இன்’ அமைப்பு.

தெரிந்தும் ஏன் தள்ளிப் போடுகிறார்கள்?

எல்லாமே சோம்பேறித்தனம் இல்லை. ஒரு ஆஸ்பத்திரியின் ஸ்கேன் மெஷின் குறிப்பிட்ட விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்றால், அப்டேட் போட்டு அது நின்றுவிட்டால் நோயாளிக்கு என்ன பதில் சொல்வது? தொழிற்சாலையில் 24 மணி நேரமும் ஓடும் கம்ப்யூட்டரை எப்போது ரீஸ்டார்ட் செய்வது?

இந்தப் பயத்துக்கும் ஆதாரம் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. விமானங்கள் ரத்தாகின.

அதனால், பெரிய நிறுவனங்கள் முதலில் சில கம்ப்யூட்டர்களில் மட்டும் பேட்ச் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு மற்றவற்றுக்குக் கொடுக்கின்றன. அது சரியான வழிதான். ஆனால், அந்தச் சோதனை சில நாட்களில் முடிய வேண்டும். அதுவரை எஸ்எம்பி போன்ற வாசல்களை ஃபயர்வாலில் மூடி வைக்கலாம், ஆபத்தான கம்ப்யூட்டரை மற்ற நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைக்கலாம். ‘சோதிக்கிறோம்’ என்று சொல்லி மாதக்கணக்கில் விடுவது சோதனை இல்லை, மறதி.

வானாக்ரைக்குப் பிறகாவது திருந்தினார்களா?

வானாக்ரையின் வேகத்தைத் தடுத்தது கிட்டத்தட்ட ஒரு அதிர்ஷ்டம். அது ஒரு வினோதமான இணைய முகவரியைத் தொடர்புகொள்ள முயன்றதை மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற பிரிட்டன் ஆய்வாளர் கவனித்து, அந்த முகவரியைச் சில டாலர் செலவில் தன் வசம் பதிவு செய்தார். அந்த முகவரி பதில் கொடுத்தால் செயல்படாமல் நின்றுவிடும்படி வானாக்ரை எழுதப்பட்டிருந்தது.

அடுத்த முறை அந்த அதிர்ஷ்டம் இல்லை. 46 நாட்கள் கழித்து, 2017 ஜூன் 27 அன்று ‘நாட்பெட்யா’ வந்தது. அதுவும் அதே எடர்னல் புளூவைப் பயன்படுத்தியது. கூடவே, நுழைந்த கம்ப்யூட்டரிலிருந்து பாஸ்வேர்டுகளைத் திருடி, பேட்ச் போட்ட கம்ப்யூட்டர்களுக்குள்ளும் புகுந்தது. கப்பல் நிறுவனமான மேர்ஸ்க்குக்கு 20 முதல் 30 கோடி டாலர் வரை இழப்பு. மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு முனையத்திலும் வேலை முடங்கியது. ஒருத்தர் திறந்து வைத்த கதவு, பூட்டி வைத்தவரையும் பாதிக்கும் என்பதற்கு இதுவே சாட்சி.

சரி, நாம என்ன செய்யணும்?

* செட்டிங்ஸில் ‘விண்டோஸ் அப்டேட்’ பக்கத்தைத் திறந்து பாருங்க. அப்டேட் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தால் மீண்டும் ஆன் பண்ணுங்க.

* டவுன்லோடு ஆனால் மட்டும் போதாது. ரீஸ்டார்ட் கேட்கிறது என்றால், அதைச் செய்யும்வரை ஓட்டை அடைபடவில்லை என்றே அர்த்தம். ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ ஆனில் இருந்தால், வழக்கமான ஷட் டவுன் அதற்கு ஈடாகாது. ‘ரீஸ்டார்ட்’டையே அழுத்துங்க.

* விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-லும் முடிந்துவிட்டது. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்யலாம், அல்லது விண்டோஸ் 11-க்கு மாறலாம்.

* ‘கிராக்’ செய்த விண்டோஸில் அப்டேட்டையே நிறுத்தி வைத்துக் கொடுப்பது உண்டு. கடையில் போட்டுத் தந்தது என்றால் கட்டாயம் பாருங்க.

* முக்கியமான ஃபைல்களை வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்து, அதைக் கழற்றி வையுங்க. மாட்டியே வைத்திருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடுவார்கள்.

* வாட்ஸ்அப்பிலோ, இணையதளத்தில் திடீரென முளைக்கும் பெட்டியிலோ வரும் ‘அப்டேட்’டைத் தொடாதீங்க. செட்டிங்ஸ் வழியாக வருவது மட்டுமே நிஜம். செல்போனுக்கும் இதே விதிதான்.

வானாக்ரை வந்தபோது உலகத்திடம் 59 நாட்கள் இருந்தன. இப்போது வரும் பல ஓட்டைகளில் அந்த அவகாசம்கூட கிடைப்பதில்லை. பேட்ச் வரும்போதே தாக்குதலும் நடந்துகொண்டிருக்கிறது. திரையின் ஓரத்தில் அந்த அறிவிப்பு காத்திருந்தால், திறந்திருக்கும் ஃபைலை சேவ் பண்ணிட்டு, ரீஸ்டார்ட்டை அழுத்திட்டு, ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. பெரும்பாலும் அதற்கு மேல் நேரம் ஆகாது.