கடல் கடந்த குடும்பங்கள்

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பைத் தேடியும், உயிரைக் காத்துக்கொள்ளவும் வேற்று நாடு சென்றோர் உலகில் பலர். அவர்களுள் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா சென்ற யூத மக்களைப் பற்றி இங்கே எழுத விழைகிறோம். வரலாற்று நூல்கள் மன்னர்களையும் போர்களையும் பக்கம் பக்கமாகப் பேசும். அடுக்களையில் நடந்ததை இரண்டு வரியில் முடித்துவிடும். எங்களுக்கோ அந்த அடுக்களையே பெரிதாகத் தோன்றியது.

1881-இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் கொலையுண்டார். பழி யூதர்மேல் விழுந்தது, கலவரங்கள் மூண்டன. வறுமையும் கடுஞ்சட்டங்களும் முன்பே அவர்களை வாட்டிக்கொண்டிருந்தன. அன்று தொடங்கி, 1924-இல் அமெரிக்கா சட்டமியற்றித் தன் கதவை ஏறக்குறைய அடைக்கும் வரை, 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் அங்குக் குடியேறினர். அவர்களுள் மிகப் பலர் முதலில் தங்கியது நியூயார்க் நகரின் கீழ்க்கிழக்குப் பகுதியில்.

பெரும்பாலும் தந்தை முதலில் போவார். தவணைமுறையில் பணம் கட்டிக் கப்பல் சீட்டு வாங்கி, மனைவி மக்களுக்கு அனுப்புவார். இதற்குச் சில ஆண்டுகள் ஆகிவிடும். இறுதியில் தாய் தலையில் முக்காடும் கையில் மூட்டையுமாக வந்து இறங்குவாள். எதிரே நிற்பவரோ தாடியை மழித்து, தொப்பியும் கோட்டும் அணிந்த ஓர் அந்நியர்! ‘இவர்தாம் உன் அப்பா’ என்றாலும் அருகே போக மறுத்த குழந்தைகள் உண்டு.

அதற்கும் முன்னே ஒரு கண்டம் இருந்தது. 1892-இல் திறக்கப்பட்ட எல்லிஸ் தீவு நிலையத்தில் மருத்துவர்கள் ஒவ்வொருவருடைய கண்ணிமையையும் மடித்துப் பார்ப்பார்கள். கண்ணில் தொற்றுநோய் இருந்தால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். ஒரு பிள்ளைக்கு மட்டும் அந்நோய் இருந்தால் தாய் என்ன செய்வாள்? அப்பிள்ளையோடு திரும்புவதா, மற்றப் பிள்ளைகளோடு இருப்பதா? வாசிக்கும்போதே எங்கள் நெஞ்சு கனத்தது.

வீடு என்பது ஐந்தாறு மாடிக் கட்டடத்தில் மூன்று சிறு அறைகள். உள் அறைக்குச் சன்னல் இராது. கழிப்பறை பல குடும்பங்களுக்குப் பொது. இத்தனை நெருக்கடியிலும் வாடகைக்கு உதவட்டும் என்று வெளியார் ஒருவரையோ இருவரையோ தங்க வைத்துக்கொள்வார்கள். அவருக்குச் சமைப்பதும் துவைப்பதும் வீட்டுத் தலைவியின் வேலை. கோடையில் புழுக்கம் தாளாமல் அனைவரும் மொட்டைமாடிக்குப் போய்ப் படுப்பார்கள். பிள்ளைகளுக்கு அது திருவிழாதான்.

வெள்ளி மாலை வந்தால் அதே வீடு வேறாகிவிடும். மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, பின்னல் ரொட்டி வைத்து, தாய் இரண்டு மெழுகுவத்திகளை ஏற்றிச் செபிப்பாள். ஓய்வுநாள் பிறந்துவிட்டது. ஆனால் தையற்பட்டறைகள் பலவற்றில் சனிக்கிழமையும் வேலை உண்டு. போகாவிட்டால் வேலை போய்விடும். மறை நூலைக் கற்றுத் தேர்ந்த ஒருவர் ஓய்வுநாளில் தையல் இயந்திரத்தின் முன் உட்கார நேர்ந்ததே, அந்தத் துயரம் பசியைவிடக் கொடியது என்றே நினைக்கிறோம்.

பிள்ளைகள் பள்ளியில் சேர்ந்த சில மாதங்களில் ஆங்கிலம் பேசினர். பெற்றோருக்கோ ஈத்திஷ் மொழிதான் வரும். ஆகவே கடைக்காரரிடமும், மருத்துவரிடமும், வாடகை கேட்டு வருபவரிடமும் பேசியவர்கள் பத்து வயதுப் பிள்ளைகள். வீட்டில் யார் பெரியவர், யார் சிறியவர் என்பதே தலைகீழானது. தாயின் பேச்சும் உடையும் சில பிள்ளைகளுக்கு வெட்கம் தந்தன. இது எங்களுக்கு வருத்தம் தந்த செய்தி, எனினும் மறைப்பானேன்?

இக்குறைகளையெல்லாம் கேட்க ஒரு நாளிதழ் இருந்தது. ‘ஃபோர்வெர்ட்ஸ்’ என்ற ஈத்திஷ் ஏட்டில் ஆசிரியர் ஆபிரகாம் காஹான் 1906-இல் ‘கடிதக் கட்டு’ என்று பொருள்படும் ஒரு பகுதியைத் தொடங்கினார். மாமியார் தொல்லை, மகளின் காதல், கணவனின் வேலையின்மை என்று எதையும் எழுதலாம். ஆசிரியர் பதில் சொல்வார். அதே ஏடு, குடும்பத்தைக் கைவிட்டு ஓடிய கணவர்களின் படங்களையும் வெளியிட்டது! யூத முறைப்படி கணவன் விலக்குச் சீட்டுத் தந்தாலன்றி மனைவி மறுமணம் செய்ய இயலாது. எனவே ஓடியவனைக் கண்டுபிடிப்பது அவளுக்கு வாழ்வுப் பிரச்சினை. படம் அச்சாகிவிடுமே என்ற அச்சத்தில் எத்தனை பேர் வீட்டோடு இருந்தார்களோ!

நம் வயதுப் பெண்கள் பலர் ரவிக்கை தைக்கும் ஆலைகளுக்குச் சென்றனர். அண்ணனோ தம்பியோ படிக்க வேண்டும் என்பதற்காகத் தம் படிப்பை நிறுத்தியவர்கள் அவர்களுள் உண்டு. 1909-இல் கிளாரா லெம்லிக் என்ற இளம்பெண் கூட்டத்தில் எழுந்து ஈத்திஷ் மொழியில் பேச, சுமார் 20,000 பேர் வேலை நிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலோர் இளம் பெண்கள். 1911 மார்ச் 25-இல் டிரையாங்கிள் ஆலையில் தீப்பிடித்தபோது ஒரு கதவு பூட்டியிருந்தது. 146 பேர் மாண்டனர். அவர்களுள் 14 வயதுச் சிறுமியரும் இருந்தனர்.

மகிழ்ச்சிகளும் இல்லாமலில்லை. எஸ்டர் தெருத் தள்ளுவண்டிகளில் பேரம் பேசி வாங்கிய மீனும் ஊறுகாயும், கட்டணமில்லாப் பள்ளி, 1909-இல் திறந்த சீவர்ட் பூங்கா நூலகத்தின் மொட்டைமாடி வாசிப்பிடம், ஈத்திஷ் நாடகங்கள். பிள்ளைகள் பெற்றோரைப் புறக்கணிப்பதைக் காட்டும் ‘யூத லியர் அரசன்’ 1892-இல் அரங்கேறியது. அதைப் பார்த்து அழுதவர்கள் மறுநாளே ஊரிலிருந்த தாய் தந்தையருக்குப் பணம் அனுப்ப ஓடினார்களாம்.

ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் சங்கம் அமைத்து, நோய்க்கு உதவியும் அடக்கத்துக்கு நிலமும் தேடிக்கொண்டனர். ஊரிலிருந்த உறவினரோடு கடிதத் தொடர்பு பல்லாண்டு நீடித்தது. 1939-இல் போர் மூண்டது. நாசிகள் அவ்வூர்களின் யூதர்களைக் கொன்றழித்தனர், கடிதங்கள் நின்றன. போருக்குப் பின் அந்தச் சங்கத்தார் தத்தம் ஊருக்கு நினைவு நூல்கள் தொகுத்தார்கள். இறந்தோரின் பெயர்களோடு, நினைவிலிருந்து கையால் வரைந்த ஊர்ப்படமும் பல நூல்களில் இருக்கிறது: இங்கே சந்தை, இங்கே செபக்கூடம், இங்கே ஆறு.